சாங்கியில் ஏறி நியூவர்க்கில் இறங்குவது

ஜூன் 3
டிக்கெட் போட்டாச்சு. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து அமெரிக்காவின் நியூவர்க்குக்கு; அதன் பக்கத்து ஊரான எடிசனில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் எகானமி கிடைக்கும், காசும் குறையும், ஆனால் அம்மாவின் முழங்காலுக்கு இடையில் ஒரு தடவை இறங்கி ஏறுவதே பெரும்பாடு, அதனால் நேரடி விமானம்தான். அதில் எகானமியே கிடையாது. மொத்தமே 161 பேர்: பிசினஸில் 67, பிரீமியம் எகானமியில் 94.

ஜூன் 7
"எவ்ளோ தூரம்மா இருக்கும்?" என்று அம்மா கேட்டார். சுமார் 15,300 கி.மீ. என்றேன். எப்படி அளந்தார்கள் என்றார், நல்ல கேள்வி. பேத்தியின் உலக உருண்டையை எடுத்து வந்தேன். சிங்கப்பூர் 104 பாகை கிழக்கே, நியூவர்க் 74 பாகை மேற்கே, கூட்டினால் 178. ஏறக்குறைய உருண்டையின் நேர் எதிர்ப்பக்கத்துக் கோடு. அதனால் நூலை இழுத்துப் பிடித்தால் அது வட துருவத்தை ஒட்டியே போகிறது! இங்கிருந்து துருவத்துக்கு 89 பாகை, அங்கிருந்து நியூவர்க்குக்கு 49, ஆக 138. பாகைக்கு 111 கி.மீ. வீதம் பெருக்கினால் 15,318. அம்மா நூலை விடாமல் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார்.

ஜூன் 12
2004லேயே இந்தத் தடத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி சேவை இருந்தது, நான்கு இன்ஜின் ஏ340-500. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்திவிட்டு, 2018 அக்டோபரில் மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே செய்த ஏ350-900யூஎல்ஆர் விமானம் வந்தபிறகு மறுபடி தொடங்கினார்கள். இதற்கு இரண்டே இன்ஜின், டாங்கியில் 1,65,000 லிட்டர் பிடிக்கும். நிரப்பினால் எரிபொருள் மட்டும் 130 டன் இருக்கும், கிளம்பும்போது விமானத்தின் எடையில் பாதியை நெருங்கிவிடும். இவ்வளவு குறைவான ஆட்களை ஏற்றுவது ஏன் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

ஜூன் 19, எடிசன்
வந்து சேர்ந்தோம். துருவத்துப் பக்கமே போகவில்லை. ஜப்பானைத் தாண்டி பசிபிக், அப்புறம் கனடா. தூரம் கூடினாலும் வானத்தின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, அதனால் நேரம் மிச்சம். விமானத்துக்குக் குறுக்கு வழியைவிட காற்றுள்ள வழிதான் லாபம் என்பதைத் திரையில் வேகம் ஏறுவதைப் பார்த்துத்தான் உணர்ந்தேன். ஜப்பான் பக்கம் விடிந்து, பகல் முடிந்து கனடாவுக்கு மேல் இருட்டி, இறங்குமுன் மறுபடி விடிந்தது. அம்மா ஜன்னலை மூடவே விடவில்லை. இரவு கிளம்பி பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறந்தும் இங்கே மறுநாள் காலை ஆறு மணிதான். கோடையில் சரியாகப் பன்னிரண்டு மணி வித்தியாசம் என்பதால் அம்மாவின் முள் கடிகாரத்தைத் திருகக்கூட வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 16, சிங்கப்பூர்
திரும்பும்போதும் கிழக்குப் பக்கம்தான், அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக, அதே காற்றைப் பிடித்துக்கொண்டு. ஆக அம்மா உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டார். எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் உருண்டையோடு போய் விளக்கிக்கொண்டிருக்கிறார்.