போர்டு தொங்காத வீடு

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவிலேயே ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடுவதெல்லாம் என் சம்பளத்துக்கு ஆகாது. அதனால் ஊருக்குத் தெற்கே ஓசூர் ரோட்டில் சந்தாபுரா, அத்திப்பள்ளிப் பக்கம் தேடினேன். பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் இடம், வாடகைக்கு ஆள் வந்துவிடும். வீடு விற்கிற ஆள்தான் அகப்படவில்லை. இரண்டு மாதம் ஆப்களில் தேடியும் அதே ஏழெட்டு வீடுதான், ஒவ்வொன்றையும் நாலு புரோக்கர்கள் நாலு விலைக்குப் போட்டிருந்தார்கள். அங்கே பெரும்பாலும் கீழே குடியிருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விடுகிற குடும்பங்கள். 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் லைன் பொம்மசந்திரா வரை வந்ததும் விற்க அவர்களுக்கு இன்னும் மனமில்லாமல் போய்விட்டது.

அப்புறம் ஞாயிறுதோறும் பைக்கில் போனேன். எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன், தண்ணீர் டேங்கர் டிரைவரிடம் கேட்டேன். (2024 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பிறகு, போர்வெல் வற்றிய தெரு எதுவென்று டேங்கர்காரரிடம் விசாரிக்காமல் பெங்களூரில் வீடு வாங்கக் கூடாது.) அப்படிக் கிடைத்த முதல் வீட்டுக்கு ஆசைப்பட்டு ஐம்பதாயிரம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். காகிதத்தைப் பார்த்தால் பஞ்சாயத்தின் ஃபார்ம் 11பி, அதாவது முறையான லேஅவுட் அனுமதி இல்லாத மனை. பாங்க் கடன் தர மறுத்தது. அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது.

வழி காட்டியது ஒரு மளிகைக்கடை அக்கா. கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். "விக்கிற வீடு இருக்கான்னு கேட்டா யாரு தம்பி சொல்லுவாங்க? லீஸ் முடியிற வீடு எதுன்னு கேளு" என்றார்.

ஊரில் போக்கியம் என்போமே, அதுதான் இங்கே லீஸ். ஆறேழு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது வீட்டுக்காரர் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். வீட்டுக்காரரோ அந்தப் பணத்தில் மாடி கட்டியிருப்பார், இல்லை பெண்ணுக்குக் கல்யாணம் முடித்திருப்பார். அடுத்த லீஸ்காரர் கிடைக்காவிட்டால் திண்டாட்டம்தான். வாசலில் போர்டு இருக்காது, ஆனால் விலை பேச உட்காருவார்.

அக்கா மூன்று வீடு சொன்னார். இரண்டு இடத்தில் "மனே மார்த்தீரா?" (வீட்டை விற்கிறீர்களா?) என்று நான் கன்னடத்தில் கேட்டதுமே கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்றாவது, 20க்கு 30 அடி சைட்டில் கீழும் மேலுமாக இரண்டு வீடு. கீழ் வீட்டில் ஏழு லட்சம் லீஸ், முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இந்த முறை முதலில் இ-கத்தாவை, அதாவது சொத்து யார் பெயரில் என்று காட்டும் உள்ளாட்சி ஆவணத்தைப் பார்த்தேன். கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்தேன், சுத்தமாக இருந்தது. அதை மட்டும் நம்பியிருந்தால் மாட்டியிருப்பேன். லீஸ் ஒப்பந்தம் வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியது. பதிவு செய்யாததால் வில்லங்கத்தில் ஏறவே இல்லை. பணம் கைக்கு வராமல் அந்தக் குடும்பம் நகர்ந்திருக்காது, அது நியாயமும்கூட.

44 லட்சத்துக்குப் படிந்தது. அதில் ஏழு லட்சத்தை லீஸ்காரர் பெயரிலேயே டிடி எடுத்து, அவர் சாவியும் ரசீதும் கொடுத்த பிறகுதான் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். ஸ்டாம்ப் தீர்வை செஸ்ஸோடு சேர்த்து 5.6 சதவீதம், பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் இரண்டு சதவீதம் ஆகிவிட்டது. இந்த வகையில் மட்டும் மூன்றே கால் லட்சத்துக்கு மேல்.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மாதம் 17,000 வருகிறது. போட்ட பணத்துக்கு வருடம் நாலே கால் சதவீதம்தான், பாங்க் டெபாசிட்டைவிடக் குறைவு. சரி, மண்ணின் விலை ஏறும் என்றுதானே வாங்கினோம் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

கீழ் வீட்டுக்கு அக்காவே ஆள் பிடித்துக் கொடுத்தார். கமிஷன் வாங்கவில்லை. மளிகை மட்டும் தன் கடையில் வாங்கும்படி அவர்களிடம் சொல்லச் சொன்னார்.