காசநோய் மருந்துக்குக் கரையாத நுரையீரல் முடிச்சுகள்

மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறது, எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் முடிச்சு முடிச்சாக நிழல். நம் ஊரில் இப்படி ஒரு குழந்தை வந்தால் முதலில் காசநோயைத்தான் நினைப்போம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சளியிலும் இரைப்பை நீரிலும் கிருமி கிடைக்கவில்லை, 2 மாதம் ஒழுங்காக மாத்திரை கொடுத்தும் முடிச்சு அப்படியே இருக்கிறது என்றால், மருந்தைக் கூட்டுவதற்கு முன் எப்ஸ்டீன்-பார் வைரஸைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இந்த வைரஸ் நம்மில் அநேகமாக எல்லோரிடமும் இருக்கிறது. எச்சில் வழியாக வந்து, ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளையணுவான பி செல்லுக்குள் குடியேறி ஆயுசுக்கும் தங்கிவிடும். அதை அடக்கி வைப்பதில் பெரும்பங்கு டி செல்கள் என்ற வேறொரு வகை வெள்ளையணுக்களுடையது. அந்தக் காவல் பிறவியிலேயே பழுதானால் வைரஸ் புகுந்த பி செல்கள் பெருகி நுரையீரலில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்துகொள்ளும். பிறகு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாகவும் மாறலாம்.

நல்ல உதாரணம் ஐடிகே குறைபாடு, அதாவது டி செல்லுக்குத் தேவையான ஐடிகே என்ற புரதத்தின் மரபணு பழுதாவது. 2009-ல் இரண்டு சகோதரிகளிடம் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. நுரையீரல் முடிச்சு இதில் அடிக்கடி வரும். லிம்போமா வந்தால் பெரும்பாலும் ஹாட்ஜ்கின் வகை. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். ஆகவே சொந்தத்தில் கல்யாணமா, முன்பு குழந்தை இறந்திருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். பையன்களுக்கு மட்டும்தான் இப்படி வரும் என்று நினைத்துப் பெண் குழந்தைகளை விட்டுவிடுவது வழக்கமான பிழை.

ஆன்டிபாடி சோதனையை நம்பி இறங்கக் கூடாது. இந்தக் குழந்தைகளுக்கு ஐஜிஜி என்ற ஆன்டிபாடி வகை குறைந்துகொண்டே போவதால் தொற்று இருந்தும் 'இல்லை' என்று வரலாம். இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிறகு எடுத்தாலோ தானம் தந்தவரின் ஆன்டிபாடிதான் தெரியும். வைரஸ் அளவைப் பிசிஆரில் பாருங்கள். முழு ரத்தத்தில் வந்த எண்ணையும் பிளாஸ்மாவில் வந்த எண்ணையும் ஒப்பிட முடியாது. ஒரே ஆய்வகம், ஒரே வகை மாதிரி.

பயாப்சிக்கு முன் ஸ்டீராய்டு வேண்டாம். கட்டி சில வாரம் சுருங்கும், திசுவைப் பார்த்து எதையும் சொல்ல முடியாமல் போகும். ஊசியில் உறிஞ்சி எடுப்பதும் போதாது. முடிந்தால் நெறியை முழுசாக எடுங்கள். ஒரு துண்டு ஃபார்மலினில். அதில் ஈபர் சாயச் சோதனையை (திசுவில் இந்த வைரஸ் இருக்கிறதா என்று காட்டுவது) எழுதிக் கேட்க வேண்டும், தானாகச் செய்ய மாட்டார்கள். இன்னொரு துண்டு சலைனில், காசநோய்க் கல்ச்சருக்கு. மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வீண். இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் இது முக்கியம்.

அசைக்ளோவிர் இங்கே பெரிதாக உதவாது. பெருகும் வைரஸை மட்டுமே அது தடுக்கும். செல்லுக்குள் பதுங்கியிருப்பதைத் தொடாது. பி செல்களை அழிக்கும் ரிடுக்ஸிமாப் என்ற மருந்து, உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 375 மி.கி., வாரம் ஒரு முறை, பொதுவாக 4 தவணை. அதற்கு முன் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம். பிசிஆர் எண் சரிந்ததும் குணமாகிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள், ஆனால் பி செல் திரும்பும்போது வைரஸும் திரும்பலாம். நோய் அடங்கியிருக்கும் அந்த இடைவெளியில் எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் போக வேண்டும். உடன்பிறந்தவரின் எச்எல்ஏ என்ற திசு வகை பொருந்தினாலும் அவருக்கு அதே மரபணுச் சோதனையைச் செய்த பிறகே மஜ்ஜை எடுக்கலாம். இன்னும் அறிகுறி காட்டாத தங்கைக்கும் அதே பழுது இருக்கக்கூடும்.