டி.சி. கவுன்ட்டரில் தொடங்கும் நாக் வேலை

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் (NAAC) வருகிறது என்றதும் பல இடங்களில் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதுதான் முதல் வேலை. ஆனால் 2017இல் வந்த முறையில் ஏறக்குறைய 70 சதவீத மதிப்பெண் எண்ணிக்கைத் தரவுகளுக்கு உரியதாக இருந்தது. அவற்றை டி.வி.வி. எனும் தரவுச் சரிபார்ப்புப் பிரிவு சரிபார்த்த பிறகுதான் மதிப்பீட்டுக் குழுவே நேரில் வந்தது.

பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிக்கு அந்த முறையில் 1000 புள்ளிகளில் 350 கற்றல் கற்பித்தலுக்கும் மதிப்பீட்டுக்கும். அதிகம் தடுமாறுவதும் அங்கேதான், குறிப்பாக சி.ஓ. (Course Outcome, ஒரு பாடத்தைப் படித்து முடித்ததும் மாணவர் பெற வேண்டிய திறன்) அடைவுக் கணக்கில். பல்கலைக்கழகத் தேர்வில் மொத்த மதிப்பெண் மட்டுமே கைக்கு வரும். எந்தப் பாடப்பகுதி புரியவில்லை என்பதை அது சொல்லாது. ஆகவே உள்தேர்வு வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே சி.ஓ. எண்ணைக் குறித்துவிட்டு, மதிப்பெண்ணையும் கேள்வி வாரியாக ஏற்ற வேண்டும். இலக்கு 50 சதவீத மதிப்பெண் என்று வைப்போம். 60 பேரில் 42 பேர் சி.ஓ.1இல் இலக்கைத் தொட்டால் 70 சதவீதம்; சி.ஓ.3இல் 24 பேர்தான் என்றால் 40. அந்த 40ஐ மறைத்து எல்லாவற்றுக்கும் உச்ச அடைவு நிலையான 3 போட்டு அனுப்புவது மாணவருக்குச் செய்யும் துரோகம். துறைக் கூட்டக் குறிப்பில் அதை எழுதி, அடுத்த பருவத்தில் அந்தப் பகுதிக்குக் கூடுதல் வகுப்பு ஒதுக்கி, மறுபடி அளந்து பார்ப்பதுதான் சுயமதிப்பீடு.

அடுத்த சிக்கல் மாணவர் திருப்திக் கணிப்பு. அந்த முறையில் 21 கேள்விகளை நாக் நேரடியாக மாணவரின் மின்னஞ்சலுக்கே அனுப்பியது. சேர்க்கை விண்ணப்பத்தில் இருப்பதோ பிரவுசிங் சென்டர்க்காரர் உருவாக்கித் தந்த முகவரி. பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில் இராது. குறைந்தபட்சப் பதில்கள் வராவிட்டால் அந்த அளவீட்டையே கணக்கில் எடுக்கவில்லை. முதலாண்டு முதல் வாரத்திலேயே மாணவரைக் கணினி ஆய்வகத்தில் உட்கார வைத்து மின்னஞ்சலைச் சரிபார்க்க வேண்டும்.

படித்து முடித்தவர்கள் மேற்படிப்புக்கோ வேலைக்கோ போன விவரமும் இப்படித்தான். ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து வந்து படித்த பிள்ளை வேலைக்குப் போனதும் எண்ணை மாற்றிவிடும். ஐ.ஐ.க்யூ.ஏ. எனும் முதல்கட்ட விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின் சுயமதிப்பீட்டு அறிக்கைக்கு அந்த முறை தந்த 45 நாளில் ஐந்தாண்டு மாணவர்களைத் தேடிப் பிடிக்க முடியாது. டி.சி. வாங்க எல்லோரும் கவுன்ட்டருக்கு வந்தே தீர வேண்டும். அன்றே ஒரு பக்கப் படிவத்தில் அடுத்து என்ன செய்யப் போகிறார்கள், பெற்றோர் எண், மின்னஞ்சல் மூன்றையும் வாங்கிவிட வேண்டும். சேர்க்கைக் கடிதமோ பணி ஆணையோ வந்தவுடன் அனுப்ப வேண்டிய கல்லூரியின் வாட்ஸ்அப் எண்ணையும் அதே தாளின் ஓரத்தில் அச்சிட்டுக் கிழித்துக் கொடுத்துவிடலாம்.