ஃபுனாஃபுட்டியின் கடல்மட்டத் தரவைத் திரட்டித் தொகுத்த அனுபவம்

பசிபிக் தீவு நாடான துவாலுவின் தலைநகரான ஃபுனாஃபுட்டியில் 1977 முதல் கடல்மட்டம் எவ்வாறு மாறி வந்துள்ளது என்பதை மாதவாரியாகத் தொகுப்பதே என் முதுகலை ஆய்வின் முதல் பணி. பசிபிக் தீவுகளுக்குத் தரவே கிடையாது என்று பலர் சொல்லக் கேட்டிருந்தேன். தேடிப் பார்த்தபோது தரவு இருந்தது. ஆனால் அது பல நிறுவனங்களில் சிதறி, ஒவ்வோரிடத்திலும் ஒவ்வோர் அளவுமுறையில் இருந்தது.

சமோவாவின் அப்பியாவில் இயங்கும் பசிபிக் வட்டாரச் சுற்றுச்சூழல் திட்டச் செயலகம் 14 தீவு நாடுகளுக்குத் தனித்தனித் தரவுத் தளங்களை அமைத்துத் தந்திருக்கிறது. ஆய்வறிக்கைகளுக்கும் வரைபடங்களுக்கும் அங்கிருந்து தொடங்குவதே நல்லது. கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவியான ஓதமானியின் பதிவுகளுக்கு ஆஸ்திரேலிய வானிலை ஆய்வு மையத்தையும், ஹவாய் பல்கலைக்கழகத்தின் கடல்மட்ட மையத்தையும் நாடினேன். இரண்டிடமும் கட்டணமின்றித் தருகின்றன.

ஃபுனாஃபுட்டியில் ஹவாய் பல்கலைக்கழகத்தின் ஓதமானி 1977-இலும் ஆஸ்திரேலியாவின் ஓதமானி 1993-இலும் பதிவைத் தொடங்கின. அதன்பின் சில ஆண்டுகள் இரண்டும் ஒருங்கே இயங்கின. முதல் கோப்பில் அளவு மில்லிமீட்டரில், அடுத்ததில் மீட்டரில். பதிவு விடுபட்ட மணிநேரங்களுக்கு ஹவாய் கோப்பு -32767 என்ற எண்ணை இடுகிறது. அதை நீக்காமல் சராசரி எடுத்தால் அந்த மாதமே பாழாகிவிடும். இரு கருவிகளின் பூச்சிய மட்டமும், அதாவது அளவு தொடங்கும் உயரமும், வேறு என்பதால், இரண்டும் இயங்கிய மாதங்களின் சராசரிகளைக் கழித்துப் பார்த்து, அந்த வித்தியாசம் நிலையாக இருப்பதை உறுதிசெய்த பிறகே பழைய பதிவைப் புதியதன் மட்டத்துக்கு மாற்றினேன். வித்தியாசம் காலப்போக்கில் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ போனால், கருவியோ அது நிற்கும் மேடையோ நகர்ந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும். தேதியிலும் கவனம் தேவை: நாள்வாரி மழைத் தரவைத் தொகுப்பவர்கள், சமோவா தேதிக்கோட்டின் மறுபுறம் மாறியதால் 2011 டிசம்பர் 30 என்ற நாளே அங்கு இல்லை என்பதை அறிந்திருக்க வேண்டும்; அதை விடுபட்ட பதிவாகக் கருதி நிரப்பக் கூடாது.

தொகுத்து முடித்த வரைகோட்டில் 1998-இன் தொடக்கத்தில் ஆழமான பள்ளம் ஒன்று தெரிந்தது. கருவிக் கோளாறோ என்ற ஐயத்தில் அண்டைத் தீவுகளின் பதிவுகளையும் பார்த்தேன். அந்தச் சரிவு அங்கும் இருந்தது. கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்றுகள் வழக்கமாக வெதுவெதுப்பான நீரை மேற்குப் பசிபிக்கில் தள்ளிக் குவிக்கின்றன. நடு, கிழக்குப் பசிபிக்கின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவின்போது அவை தளர்வதால் நீர் கிழக்கே திரும்ப, துவாலுப் பகுதியில் கடல்மட்டம் கால் மீட்டருக்கும் அதிகமாக இறங்கியது. 1993-இல் தொடங்கும் பதிவை இந்தப் பள்ளத்தோடு நிறுத்திச் சாய்வைக் கணக்கிட்டால், கடல் தாழ்வது போன்ற முடிவே வரும். துவாலுவுக்கு ஆபத்தில்லை என்று அக்காலத்தில் வாதிட்டவர்களும் இருந்தார்கள். முழுப் பதிவும் காட்டும் உயர்வு ஐயத்துக்கு இடமற்றது: 2023-இல் நாசா வெளியிட்ட மதிப்பீட்டின்படி, முந்தைய 30 ஆண்டுகளில் அங்கு கடல்மட்டம் ஏறக்குறைய 15 செ.மீ. உயர்ந்திருக்கிறது. கடல் மிக உயரமாக ஏறும் பெருவோத நாட்களில் பவளத் தரையின் துளைகள் வழியாக நீர் உள்நிலத்திலேயே ஊறி மேலெழும் ஊருக்கு அது சிறிய அளவன்று.

ஓதமானி தரையை ஒப்பிட்டே கடலை அளப்பதால், செயற்கைக்கோள் சைகைகளைக் கொண்டு தரையின் அசைவை அளக்கும் நிலையத்தின் பதிவையும் தனிக் கோப்பில் சேர்த்தேன். மூலப் பதிவுகள் இரண்டையும் திருத்தாமல் தனிப் பத்திகளில் வைத்து, பழைய பதிவை மாற்ற நான் கூட்டிய மாறிலியையும் அதைக் கணக்கிடப் பயன்பட்ட மாதங்களையும் கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதிவைத்துள்ளேன். இனி இதை எடுப்பவர் விரும்பினால் என் இணைப்பைப் பிரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.