இல்லாததைப் பார்க்கப் பழகுதல்

வடசென்னைக்காரர்களிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது எளிதன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, படகுகளிலும் வலைகளிலும் கரும்பிசினாக ஒட்டிக்கொண்டது. அந்த மாதக் கடைசியிலேயே அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓட நேர்ந்தது. வியாசர்பாடி என்று முகவரியைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் குரல் மாறிவிடுவதை இங்கு வேலை தேடி அலைந்த இளைஞர்கள் அறிவார்கள். இத்தனைக்கும் நடுவில் கற்பனையும் தன்னைப் பண்படுத்திக்கொள்வதும் வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்காகத் தோன்றலாம். ஆனால் அவை மிகவும் தேவைப்படுவது இங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் தெருவில் மாலை நேரத்தில் கேரம் ஆடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது இந்த எண்ணம் வலுப்படுகிறது. பலகையில் பவுடரைத் தூவி உள்ளங்கையால் தேய்த்த பிறகு, ஒரு சிறுமி ஸ்ட்ரைக்கரைக் கோட்டின்மேல் இப்படியும் அப்படியும் நகர்த்துகிறாள். விரல் மடங்கியிருக்கிறது, ஆனாலும் உடனே அடிப்பதில்லை. ரெட் எந்தக் காயில் மோதி எந்தப் பக்கம் திரும்பும், அது விழுந்தால் ஃபாலோ போட எந்தக் காய் மிஞ்சும் என்பதையெல்லாம் அவள் கண் முன்கூட்டியே பார்த்து முடித்துவிடுகிறது. அந்தப் பார்வை நாள்தோறும் விரல் நுனி தேய ஆடிய பயிற்சியில் விளைந்தது. மீன்பாடி வண்டி என்னும் மூன்று சக்கரச் சுமை வண்டி ஓட்டியவரின் மகளான வியாசர்பாடி இளவழகி உலகச் சாம்பியன் ஆனதையும், ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றதையும் இங்குள்ள பிள்ளைகள் தங்கள் வீட்டுச் செய்தியைப் போலச் சொல்கிறார்கள். எனினும், உழைத்தால் எல்லோரும் இப்படி ஆகிவிடலாம் என்று மேடையில் முழங்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. குழாயில் நல்ல தண்ணீர் வராததற்கு ஒரு பிள்ளையின் முயற்சிக் குறைவு காரணமாகாது.

வள்ளலார் என்று நாம் போற்றும் இராமலிங்கர் இளமையில் வாழ்ந்த ஏழுகிணறு வீராசாமி தெரு, நாங்கள் பாரிமுனைக்குப் போகும் வழிக்கு வெகு அருகில் இருக்கிறது. அங்கே மாடி அறையில் கண்ணாடி ஒன்றை வைத்து, விளக்கேற்றி, அதையே உற்று நோக்கியிருந்தவருக்குத் தணிகை முருகன் காட்சி தந்ததாகச் சொல்வார்கள். அதை அருள் என்று கொள்வோர் கொள்ளட்டும். என் மனத்தைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பார்வை பின்னர் போய்ச் சேர்ந்த இடம்தான். தனியறையில் தன்னைப் பண்படுத்திக்கொண்ட அந்த மனிதர், பசித்தவர் யாராயினும் சாதி கேளாமல் உண்ணக்கூடிய ஓரிடத்தை முதலில் மனத்தில் கண்டு, 1867இல் வடலூரில் தருமச்சாலையாக அமைத்தார். அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது.

பெரம்பூர் துணி ஆலைத் தொழிலாளர்களும் இல்லாத ஒன்றைக் கண்டவர்களே. உண்பதற்குக்கூடப் போதிய இடைவேளை இல்லாத நிலையில் அவர்கள் கூடிப் பேசியதன் விளைவாக, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற வரம்பு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் நிலைபெற்றது. இடையில் கழிந்த முப்பது ஆண்டுகளில் எத்தனை பேர் அந்த நாளைக் காணாமலேயே அதற்காக வேலைநிறுத்தம் செய்திருப்பார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது.

இரவில் தொலைபேசியை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் படிப்பதும், படித்ததிலிருந்து ஒரு பத்தியை நோட்டில் கையால் எழுதுவதும் என் வழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் சிலர் என்னோடு உட்கார்ந்து எழுதுகிறார்கள். பக்கிங்காம் கால்வாயை அவர்கள் கறுப்புத் தண்ணீராகவும் கொசுவாகவும் மட்டுமே அறிந்தவர்கள். ஒரு காலத்தில் அதில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஆந்திரத்திலிருந்து சென்னைக்கு வந்தன என்று நான் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஒரு பையன், "அப்போ ஆழம் எவ்ளோக்கா இருந்துச்சு?" என்று கேட்டான். அதன்பின் கேள்விகள் நிற்கவில்லை: பாய் கட்டினார்களா, கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தார்களா, பாலத்தின் அடியில் படகு எப்படி நுழைந்தது, இப்போது தூர்வாரினால் எங்கிருந்து தொடங்க வேண்டும், சாக்கடையை வேறு எங்கே திருப்புவது? கடைசிக் கேள்வியை மட்டும் தனித்தாளில் எழுதி, எங்கள் வார்டு மக்கள் கூடும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் கொடுப்பதற்காக அவர்களே கையெழுத்திட்டு வைத்திருக்கிறார்கள். மற்றவற்றுக்கு விடை தேடி வருகிற வாரம் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போகிறோம்.