க்டான்ஸ்கி ரயில் நிலையத்திலிருந்து கிளம்பியவர்கள்

காசாவுக்காக நடக்கும் ஊர்வலங்களில் நானும் நடக்கிறேன். 1948இல் ஏழு லட்சம் பாலஸ்தீனர்களுக்கு மேல் வீடுவாசலை இழந்து ஓடியதும், 1967க்குப் பிறகு மேற்குக் கரையில் யூதக் குடியேற்றங்கள் பெருகிக்கொண்டே போவதும் கண்ணெதிரே இருக்கும் உண்மைகள். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கென்று தனி நாடு வேண்டும் என்ற சியோனிசத்தை நான் ஏற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதைப் படித்ததும் "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்கத் தோழர்கள் சிலர் காத்திருப்பார்கள்.

வேலை நிமித்தம் வார்சாவில் இருக்கிறேன். நான் தினமும் போய்வரும் வழியில் க்டான்ஸ்கி ரயில் நிலையம் இருக்கிறது. அதன் சுவரில் ஒரு நினைவுப் பலகை. 1968 மார்ச்சுக்குப் பிறகு திரும்பிவர முடியாத பயணச்சீட்டோடு போலந்தைவிட்டுப் போனவர்களுக்காக வைத்தது. சுமார் 13,000 பேர். அவர்களை அனுப்பிவைத்தது நாஜிகள் இல்லை. போலந்து ஐக்கியத் தொழிலாளர் கட்சி, அதாவது ஆட்சியிலிருந்த கம்யூனிஸ்ட் கட்சி. யுத்தத்துக்கு முன்னால் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்த நாடு இது. அதில் பத்தில் ஒன்பது பேரை ஹிட்லர் கொன்ற பிறகு, மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரும் போய்விட்ட பிறகு, "இதுதான் எங்கள் நாடு" என்று தங்கியவர்கள்மேல் கைவைத்தார்கள்.

1967 ஜூனில் ஆறு நாள் போர் முடிந்த கையோடு, தொழிற்சங்க மாநாட்டில் கட்சித் தலைவர் கொமூல்கா பேசினார். நாட்டுக்குள் ஓர் ஐந்தாம் படை உருவாவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றார். (அவருடைய மனைவியே யூதர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.) அடுத்த மார்ச்சில் மாணவர்கள் தணிக்கையை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். தேசிய நாடக அரங்கில் போலந்தின் தேசியக் கவி மிக்கியேவிச்சின் நாடகம் ஒன்றை அரசு நிறுத்தியிருந்தது, அதுதான் தொடக்கம். பாலஸ்தீனத்துக்கும் இந்தப் போராட்டத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் பத்திரிகைகள் போராடிய மாணவர்களில் யூதப் பெயர்களைப் பொறுக்கியெடுத்துப் போட்டன. உள்துறை அமைச்சர் மொச்சாரின் ஆட்கள் பட்டியல் தயாரித்தார்கள். ஆலைகளில் கூட்டம் கூட்டி, "சியோனிஸ்டுகளே, சியோனுக்குப் போங்கள்" என்று எழுதிய பதாகைகளைத் தொழிலாளர்கள் கையில் கொடுத்தார்கள். பேராசிரியர், மருத்துவர், பத்திரிகையாளர், ராணுவ அதிகாரி என்று வேலை பறிபோனது.

வெளியேற வேண்டியவர் முதலில் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். குடியுரிமையைத் துறக்க அனுமதி கேட்டு அரசுக்கு அவரே எழுத வேண்டும். போகுமிடம் இஸ்ரேல் என்று சொல்ல வேண்டும். பிறகு ஒரு பயண ஆவணம் கிடைக்கும். அதை வைத்திருப்பவர் போலந்துக் குடிமகன் அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். மூட்டைமுடிச்சைச் சுங்க அதிகாரிகள் கிளறிப் பார்த்த பிறகு வியன்னா ரயில் ஏற வேண்டும். இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போகவே இல்லை. ஸ்வீடன், டென்மார்க், அமெரிக்கா என்று சிதறிப்போனார்கள். சியோனிஸ்டுகள் என்று குற்றம்சாட்டி, சியோனிஸ்டுகள் அல்லாதவர்களையே விரட்டியிருக்கிறார்கள்.

சமூகவியலாளர் சிக்முண்ட் பௌமனை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிட்லரை எதிர்த்துப் போரிட்டவர், கட்சிக்காரர். யுத்தத்துக்குப் பின் உள்நாட்டுப் பாதுகாப்புப் படையில் மேஜராக இருந்தார். (அந்தப் படையில் இருந்ததற்காகப் பின்னாளில் அவர்மேல் விமர்சனம் வந்தது, அது தனிக் கதை.) இஸ்ரேலுக்குப் போக முடியுமா என்று அவருடைய அப்பா தூதரகத்தில் விசாரித்தார் என்பதற்காக 1953இல் மகனைப் படையிலிருந்து நீக்கினார்கள். மகனுக்கோ அன்றைக்கு சியோனிசம் பிடிக்காது. 1968 மார்ச்சில் வார்சா பல்கலைக்கழகப் பதவியும் போனது. டெல் அவீவில் சில காலம் பாடம் நடத்தினார், அங்கும் ஒட்டவில்லை, 1971இல் இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் போனார். மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய சுவரை, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவின் சுவரோடு ஒப்பிட்டுப் பின்னாளில் பேசியவரும் அவர்தான்.

இதற்கு முன்மாதிரியும் இருந்தது. 1952 நவம்பரில் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகில், அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் பொதுச்செயலாளர் ஸ்லான்ஸ்கி மீதான வழக்கு. 14 பேர் கூண்டில், அதில் 11 பேர் யூதர்கள். 11 பேரைத் தூக்கிலிட்டார்கள். குற்றங்களில் ஒன்று சியோனிசம். ஆயுள் முழுக்க சியோனிசத்தை எதிர்த்த கம்யூனிஸ்ட் ஸ்லான்ஸ்கி. நான்கே ஆண்டுகளுக்கு முன் இஸ்ரேலுக்கு ஆயுதம் விற்றதும் அதே செக்கோஸ்லோவாக்கியாதான்.

"இதெல்லாம் ஸ்டாலின் காலத்துக் கதை" என்கிறார் இங்குள்ள தோழர் ஒருவர். 1968இல் ஸ்டாலின் செத்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அதுவும் போகட்டும். 2023 அக்டோபரில் இதே வார்சாவில் பாலஸ்தீன ஆதரவு ஊர்வலத்தில் ஒரு மாணவி கையில் ஓர் அட்டை: யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரம் குப்பைத்தொட்டியில், கூடவே உலகைச் சுத்தமாக வைத்திருங்கள் என்ற வாசகம். அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியது. காசாவில் குழந்தைகள் இடிபாடுகளுக்குள் செத்துக்கொண்டிருந்த வாரம் அது. நெதன்யாகுவின் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்திருக்க முடியாது. ஆனால் அதற்காக மட்டும் நான் அதை எதிர்க்கவில்லை. அது யூதர்களை அவமதிக்கிறது, அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

இஸ்ரேலை விமர்சிக்கும் எவரையும் யூத வெறுப்பாளர் என்று முத்திரை குத்தும் வேலை நடக்கிறது, நன்றாகத் தெரியும். அதற்குப் பயந்து நம் வீட்டு அழுக்கை மூடிவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு யூதரைக் கண்டதும் "இஸ்ரேலைக் கண்டிக்கிறாயா?" என்று முதலில் கேட்டு, பதிலைப் பொறுத்து அவரைத் தோழராக ஏற்பது கொமூல்காவின் வழி.

எனக்கு வழிகாட்டி மாரெக் எடெல்மன். பூண்ட் என்ற யூதத் தொழிலாளர் கட்சியைச் சேர்ந்தவர். யூதர்கள் வாழும் மண்ணிலேயே சோசலிசத்துக்காகப் போராட வேண்டும் என்ற கட்சி அது. 1943 வார்சா கெட்டோ எழுச்சியில் சியோனிஸ்டான அனியேலேவிச்சின் தலைமையில் போரிட்டார். அனியேலேவிச் இறந்ததும் தலைமையை ஏற்றார். 1968இல் எடெல்மனுக்கும் மருத்துவமனை வேலை போனது. மனைவியும் பிள்ளைகளும் பிரான்ஸுக்குப் போனார்கள், அவர் மட்டும் லோட்ஜ் நகரில் இதய நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு 2009இல் சாகும்வரை போலந்திலேயே இருந்தார். 2002இல் பாலஸ்தீனப் போராளித் தளபதிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஒரு போராளி சக போராளிகளுக்கு எழுதுவதுபோல எழுதி, பொதுமக்களைக் கொல்லும் தாக்குதல்களை விடச் சொன்னார். அவர்களைச் சமமாக நடத்தியதற்காக இஸ்ரேலில் பலர் கொதித்தார்கள்.

அடுத்த ஊர்வலத்துக்கு முன்னால் அட்டைகளைப் பார்வையிட நான்கு தொண்டர்களாவது வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் உடனே சரி என்றார். இன்னொருவர், இது போலீஸ் வேலை என்று மறுத்துவிட்டார். அவரிடம் மறுபடி பேசப் போகிறேன்.