உபுண்டுவில் 'கெப்ட் பேக்' ஏன் வருகிறது: பார்த்த வரைக்கும்

கிளிநொச்சியில் எங்கள் சனசமூக நிலையத்துப் பிள்ளைகள் பாவிக்கிற கணினிகளில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது, அப்டேட் வேலை என் பொறுப்பு. அதில் மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்கிற டெர்மினல் கருவிதான் ஆப்ட். ஆப்ட் அப்கிரேட் கொடுத்தால் பெரும்பாலானவை ஏறிவிடும், சில பேக்கேஜ் (மென்பொருள் பொதி) மட்டும் 'கெப்ட் பேக்', அதாவது ஏற்றாமல் நிறுத்தி வைத்தவை, என்ற வரிக்குக் கீழே நிற்கும். திரும்பக் கொடுத்தாலும் அதே பட்டியல்தான். ஃபுல்-அப்கிரேட் (தேவைப்பட்டால் இருப்பதை அகற்றியாவது ஏற்றும் கட்டளை) கொடுத்துத் தள்ளிவிடு என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நிற்பதற்குக் காரணம் ஒன்றல்ல, எது என்று தெரியாமல் தள்ளக் கூடாது.

முதலில் ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட். யாராவது வேண்டுமென்று நிறுத்தி வைத்திருந்தால் அதில் தெரியும். ஒன்றும் வரவில்லை.

அப்புறம் நின்றவற்றில் ஒன்றின் பெயரைப் போட்டு ஆப்ட்-கேச் பாலிசி கொடுத்தேன், கிடைக்கும் பதிப்புகளை அது காட்டும். புதிய பதிப்பு இருந்த வரியில் 'ஃபேஸ்ட் 20%' என்று கிடந்தது. ஃபேஸ்ட் என்றால் கட்டம் கட்டமாக. உபுண்டு தன் வழமையான அப்டேட்டுகளை எல்லாருக்கும் ஒரேயடியாக விடுவதில்லை. முதலில் 10 சதவீதக் கணினிகளுக்குக் கொடுத்து, 6 மணித்தியாலத்துக்கு ஒருதரம் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டு போகும், இடையில் க்ராஷ் அறிக்கைகள் கூடினால் அதோடு நிறுத்திவிடும். டெஸ்க்டாப் அப்டேட் கருவியில் இது 2013-இலேயே வந்துவிட்டது, ஆனால் ஆப்ட் இதைக் கவனிக்கத் தொடங்கியது 21.04-இல்தான், அதனால் 20.04 காலத்தில் டெர்மினலில் யாருக்கும் இந்தத் தொல்லை இருக்கவில்லை. பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது, அதுதான் பெரிய நிம்மதி.

எந்தக் கணினி முந்தும் என்பதை அந்தந்தக் கணினியே கணக்குப் பார்க்கிறது. மூலப் பேக்கேஜின் பெயர், பதிப்பு இலக்கம், கணினியின் மெஷின்-ஐடி (அந்தக் கணினிக்கென்று உள்ள அடையாளக் குறி) மூன்றையும் சேர்த்து ஒரு எண் எடுக்கும். இந்தமுறை முந்தியது அடுத்த அப்டேட்டில் பிந்தலாம். ஆனால் நிலையத்தில் இரண்டு கணினிகள் மட்டும் எப்போதும் ஒரே பட்டியலையே காட்டின. டேட்டா மிச்சம் பிடிக்க ஒன்றின் டிஸ்க்கை மற்றதுக்கு அப்படியே குளோன் பண்ணியவை அவை. மெஷின்-ஐடி கோப்பைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 32 எழுத்தும் ஒன்றேதான்! ஒன்றில் அதை அழித்துப் புதிதாக எடுத்த பிறகு இரண்டும் வேறு வேறு வழிக்குப் போய்விட்டன.

இன்னொரு கணினியில் கதை வேறு. சதவீதம் எதுவும் காட்டவில்லை, ஆனாலும் நிற்கிறது. ஆப்ட் அப்கிரேட், தேவைப்பட்டால் புதிய பேக்கேஜை நிறுவும், ஆனால் இருப்பதை ஒருபோதும் அகற்றாது. அகற்றினால்தான் ஏற்றலாம் என்றால் அதைத் தொடாமல் விட்டுவிடும். ஆப்ட்-கெட் அப்கிரேட் இன்னும் கடுமை, புதிதாக நிறுவவும் மாட்டாது. மைனஸ் எஸ் சேர்த்து ஃபுல்-அப்கிரேட் ஓடவிட்டேன், அப்படிக் கொடுத்தால் ஒன்றையும் மாற்றாமல் என்ன நடக்கப் போகிறது என்று மட்டும் சொல்லும். அகற்றப்படும் வரிசையில் பிரிண்டர் ட்ரைவர்! வெளியிலிருந்து எடுத்துப் போட்ட பழைய பேக்கேஜ், பழைய லைப்ரரி ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் அடிப்பது அந்தப் பிரிண்டரில்தான். யோசிக்காமல் தள்ளியிருந்தால் வினாத்தாளுக்கு எங்கே போவது?

பெயர் சொல்லி ஆப்ட் இன்ஸ்டால் கொடுத்தாலும் ஃபேஸ் முறையைத் தாண்டி ஏறிவிடும், ஆனால் அந்தப் பேக்கேஜ் கையால் நிறுவியதாகக் குறிக்கப்படும், பிறகு தேவையற்றுப் போனவற்றை அகற்றுகிற ஆட்டோரிமூவ் கட்டளை அதைத் துப்புரவாக்காது. அதனால் அதைத் தவிர்க்கிறேன். 24.04 போட்ட என் மடிக்கணினியில், ஃபேஸ் முறையால் தள்ளிப்போனவற்றைத் தனி வரியாகவே பிரித்துக் காட்டுகிறது, இது நல்ல மாற்றம்.

இப்போதைக்குப் பிள்ளைகளின் கணினிகள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்கட்டும். என் மடிக்கணினியில் மட்டும் ஆல்வேஸ்-இன்க்ளூட்-ஃபேஸ்ட்-அப்டேட்ஸ் (முறைக்குக் காத்திராமல் ஏற்றச் சொல்லும் ஆப்ட் அமைப்பு) என்பதை ட்ரூ ஆக்கியிருக்கிறேன், பிழை ஏதும் இருந்தால் முதலில் என்னிடம் தெரியட்டும். அடுத்து அந்தப் பிரிண்டர் ட்ரைவர் இல்லாமலே ஐபிபி (பல பிரிண்டர்களுக்கும் பொதுவான அச்சிடும் நெறிமுறை) வழியாக ஓடுமா என்று பார்க்க வேண்டும். ஓடினால் பழைய பேக்கேஜை நானே எடுத்துவிட்டு ஃபுல்-அப்கிரேட் கொடுப்பேன்.